தானாகப் பிரிந்ததா, பிரித்து வைத்ததா? காரணம் சொல்வதில் நாம் செய்யும் தவறுகள்

தீபாவளிக்குச் செய்த மிக்சர் டப்பாவைப் பத்து நாள் கழித்துத் திறந்தால் மேலே வேர்க்கடலையும் முந்திரியும் கிடக்கும். அடியில் ஓமப்பொடித் தூள். யாரும் பொறுக்கி வைக்கவில்லை. ‘கனமானது கீழே போகும்’ என்று பள்ளியில் படித்தது இங்கே உதவாது. டப்பா அசையும்போதெல்லாம் பெரிய துண்டுகளுக்கு அடியில் இடுக்கு உண்டாகிறது. அதில் நுழைய முடிவது பொடிக்கு மட்டும். பொடி இறங்க இறங்கக் கடலை மேலே ஏறிக்கொண்டே போகும். இயற்பியலில் இதை ‘பிரேசில் நட் விளைவு’ என்பார்கள்.

1987இல் கணினியில் செய்து பார்த்தவர்கள் தந்த விளக்கம் இது. 1993இல் சிகாகோ ஆய்வாளர்கள் வேறொன்றைக் காட்டினார்கள். பாத்திரத்தின் நடுவில் மணிகள் மேலே எழும்பி, சுவரோரம் மெல்லிய அடுக்காகக் கீழே இறங்கிச் சுற்றுகின்றன. பெரிய துண்டு நடுவே ஏறிவிடும். இறங்கும் அடுக்கு அதற்குப் போதாது, மேலேயே தங்கிவிடும். 2001இல் வந்த ஆய்வோ அளவும் அடர்த்தியும் தக்கபடி அமைந்தால் பெரியது அடிக்கும் போகலாம் என்றது. கண்ணுக்குத் தெரிவது ஒரே பிரிவு, உள்ளே நடப்பது வேறு வேறு. உயிரில்லாத மணிகளிலேயே இந்தக் கதை என்றால், ஒரு நகரில் எந்தச் சமூகத்தார் எங்கே வாழ்கிறார்கள் என்ற வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் ‘அவங்க எப்பவும் அவங்களோடதான் இருப்பாங்க’ என்று காரணம் சொல்லிவிடுவது எவ்வளவு அவசரம்!

சைட்டில் நடப்பது

கட்டட வேலையில் இந்தத் தவறான ஊகத்துக்குக் காசு போகும். பில்லருக்குக் கான்கிரீட் போட்டுப் பலகையைப் பிரித்தால் அடியில் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும், இடையில் பொந்து பொந்தாக. சைட்டில் ‘ஹனிகோம்ப்’ என்பார்கள். உடனே பழி எம்-சாண்டின் மேல் விழும், இல்லாவிட்டால் ரெடிமிக்ஸ் அனுப்பியவர் மேல். சரக்கு சரியாகவே வந்திருக்கலாம். கெட்டது போட்ட விதத்தில் இருக்கலாம். உயரத்திலிருந்து கொட்டும்போது ஜல்லி கம்பியில் மோதித் தெறித்து ஒரு பக்கம் போகிறது, சிமென்ட் பால் இன்னொரு பக்கம் வழிகிறது. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, கான்கிரீட் தடையின்றி விழும் உயரத்துக்கு 1.5 மீட்டரைப் பொதுவான எல்லையாகச் சொல்கிறது. மூன்று மீட்டர் பில்லரின் தலையிலிருந்து பாண்டு பாண்டாகக் கொட்டுவதை எத்தனையோ சைட்டில் பார்க்கலாம்.

‘கொஞ்சம் இளக்கமா இருந்தாத்தான் இறங்கும்’ என்று மேஸ்திரி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வது அடுத்தது. தண்ணீர் கூடினால் பால் மெலிந்துபோகும். மெலிந்த பால் ஜல்லியைத் தாங்காது. பிறகு வைப்ரேட்டர், கான்கிரீட்டுக்குள் விட்டு அதிர வைக்கும் ஊசி. கலக்கக் கலக்க ஒன்றாகும் என்ற நம்பிக்கை இங்கேதான் முழுசாகக் கவிழ்கிறது. ஊசியை உள்ளே விட்டு, காற்றுக் குமிழ் வருவது அடங்கி மேற்பரப்பில் மினுமினுப்பு வந்ததும் மெல்ல உருவிவிட வேண்டும். அதற்கு முன்பே எடுத்தால் பொந்து நிற்கும். அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தால் ஜல்லி அடியில் உட்கார்ந்து, மேலே வெறும் பால் அடுக்கு ஏறும். அந்த அடுக்கில் பலம் கிடையாது. ஊசியாலேயே கான்கிரீட்டை மூலைக்குத் தள்ளுகிறவர்களும் உண்டு. போய்ச் சேருவது பால்தான், ஜல்லி நின்ற இடத்தில் நிற்கும்.

பொந்து கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ‘கியூப் பாஸ் ஆயிடுச்சே சார்’ என்ற பதில் வரும். லாரியிலிருந்து பிடித்த கான்கிரீட்டில் வார்த்த 150 மி.மீ. கட்டி, அதாவது கியூப், 28ஆம் நாள் சோதனையில் தேறியிருக்கும், பொய்யில்லை. அந்தக் கட்டி பில்லரின் காலடியைப் பற்றி ஒன்றும் சொல்லாது, அவ்வளவுதான். மக்களைக் கணக்கெடுக்கும்போதும் இதே கோளாறு வருகிறது. ஒரு வருவாய்க் கிராமத்தின் மொத்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் எல்லாச் சமூகத்தாரும் கலந்து வாழ்வதுபோல் இருக்கும். நேரில் போனால் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் வயல். எந்த அளவில் கட்டம் போட்டு எண்ணினார்கள் என்று கேட்காமல் ‘இங்கே கலப்பு நன்றாக இருக்கிறது’ என்ற முடிவை ஏற்கக் கூடாது.

செஸ் பலகையும் அதன் பெயரில் சொல்லப்படுவதும்

நகரப் பிரிவைப் பற்றிப் பேச்செடுத்தால் தாமஸ் ஷெல்லிங் பெயர் வராமல் போகாது. பொருளியலுக்கான 2005 நோபல் பரிசை ராபர்ட் ஆமனுடன் பகிர்ந்தவர். 1969லும் 1971லும் அவர் எழுதிய கட்டுரைகளிலிருந்து வளர்ந்த ஆட்டத்தை வீட்டில் செஸ் பலகை இருந்தால் ஆடிப் பார்க்கலாம். நாலு மூலையை விட்டுவிட்டு மீதி 60 கட்டங்களில் ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயுமாக மாற்றி மாற்றி வையுங்கள். விதி ஒன்றே ஒன்று: என்னைச் சுற்றி இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது என்னைப் போலிருந்தால் போதும், நான் நகர மாட்டேன். இந்த அடுக்கில் நடுவில் இருக்கும் எந்தக் காசுக்கும் எட்டுப் பக்கத்தாரில் நாலு பேர் தன் வகை. எல்லோருக்கும் திருப்தி.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு 20 காசை எடுத்துவிடுங்கள். காலியான இடத்தில் ஐந்தாறை இஷ்டத்துக்கு வையுங்கள். சில காசுகளுக்குத் தன் வகை குறைந்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்தியான காலியிடத்துக்கு நகர்த்துங்கள். ஒன்று கிளம்பியதும் அது விட்டுப்போன பக்கத்துக் காசுக்குத் துணை குறைகிறது, அதுவும் கிளம்புகிறது; போய்ச் சேர்ந்த இடத்தில் வேறொன்றுக்குப் பொறுக்காமல் போகிறது. எல்லாம் அடங்கும்போது பலகை பெரும்பாலும் திட்டுத் திட்டாகப் பிரிந்திருக்கும். எந்தக் காசும் அதைக் கேட்கவில்லை. 2007இல் பாங்க்ஸ், ஃபிரிண்ட் என்ற இரு பொருளியலாளர்கள் சரிபாதிக் கலப்பையே விரும்பும் ஆட்களை வைத்து ஆடிக் காட்டினார்கள். அப்போதும் பிரிவு வந்தது.

இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு: பிரிவு இருக்கிறது என்பதாலேயே அங்கிருக்கும் ஒவ்வொருவர் மனத்திலும் வெறுப்பு இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் இதே ஆட்டத்தைக் காட்டி ‘பிரிவு இயற்கை, யாரும் பொறுப்பில்லை’ என்று சொல்கிறார்களே, அது என் கணக்கில் இந்தப் பட்டியலிலேயே பெரிய தவறு. ஷெல்லிங்கே தன் 1971 கட்டுரையில், அமைப்பாகத் திரண்டு செய்யும் ஒதுக்கலும், பண வசதியால் விளையும் பிரிவும் தன் ஆய்வுக்கு வெளியே என்று எழுதிவைத்திருக்கிறார். ஆட்டத்தைத் தூக்கிப் பிடிப்பவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப்போய்விடுகிறார்கள். ஒரு சின்ன வரலாறும் இங்கே பொருந்தும். ஷெல்லிங்குக்கு முன்பே, 1949 முனைவர் பட்ட ஆய்வில், இப்படிப்பட்ட பலகையாட்டம் ஒன்றை உருவாக்கியவர் ஜேம்ஸ் சகோடா. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அரசு அடைத்துவைத்த முகாம்களில் அவரும் ஒருவராக இருந்தார். அவருடைய ஆய்வே அத்தகைய முகாம் ஒன்றைப் பற்றியது. அந்த முகாமுக்கு யாரும் தாமாகக் குடிபோகவில்லை.

2006இல் விங்கோவிச் என்ற வானியற்பியலாளரும் கிர்மன் என்ற பொருளியலாளரும் ஷெல்லிங் திட்டுகள் திரவத் துளியைப்போல நடந்துகொள்வதைக் காட்டினார்கள்: எல்லைக்கோடு வளைந்து நெருக்கும் இடத்தில் சிறு திட்டு கரைந்து பெரிய திட்டோடு சேரும். அழகான கணக்கு. திட்டு எந்த வடிவில் வளரும், எப்போது உறையும் என்பதற்கு அது உதவும். வாடகை யார் கொடுக்கிறார், வீடு யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதற்கு உதவாது.

சுவர் எழுப்பியவர்கள்

ஷெல்லிங் எழுதிய அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். 1930களில் வீட்டுக்கடன் கழகம் நகரங்களை நாலு தரமாகப் பிரித்து வரைபடம் போட்டது. கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் கடைசித் தரம், சிவப்பு நிறம். 1934இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், இனக்கலப்பு உள்ள பகுதியில் கடனுக்கு உத்தரவாதம் தருவதைத் தவிர்த்தது. டெட்ராய்டில் எட்டு மைல் சாலைக்குப் பக்கத்தில், கறுப்பர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட நினைத்தவருக்கு இந்தக் கடன் கிடைக்கவில்லை. 1941இல் நடுவே ஆறடி உயரத்தில், ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார், கடன் வந்தது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது, ஒரு பகுதியில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள்.

‘கறுப்பருக்கு விற்கக் கூடாது’ என்ற பத்திர ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968இல்தான் வந்தது, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில். இடைப்பட்ட காலத்தில் சிகாகோ போன்ற நகரங்களில் தரகர்கள் வெள்ளையர் தெருவில் பீதி கிளப்பி, வீடுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கிக் கறுப்பர்களிடம் கொள்ளை விலைக்கு விற்றார்கள். கடலை நகர்வதால் யாருக்கும் கமிஷன் கிடைப்பதில்லை.

நம் ஊர் - காலனிப் பிரிவை ஷெல்லிங்கால் விளக்குவது இதைவிட அபத்தம். எங்கே குடிசை போடலாம், எந்தக் கிணறு, எந்தப் பாதை, எந்தச் சுடுகாடு என்பதை அங்கே சாதி தீர்மானித்தது, விருப்பம் கேட்டு அல்ல. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் வழியை மறித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே மாதம் வரை ஆனது.

ஒரு முறை கலந்தால் போதும் என்ற நினைப்பு

ரெடிமிக்ஸ் லாரியின் டிரம் வழியெல்லாம் சுற்றிக்கொண்டே வருவது சும்மா அல்ல. கலப்பது ஒரு வேலை, கலந்ததை அப்படியே வைத்திருப்பது இன்னொரு வேலை. தமிழ்நாட்டில் 1998இல் மேலக்கோட்டையில் தொடங்கிய சமத்துவபுரங்களில் 100 வீட்டுக்கு 40 ஆதிதிராவிடர், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 10 மற்றவர் என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கீட்டு நாளில் கலப்பு துல்லியம். பக்கத்திலேயே பழைய ஊரும் பழைய காலனியும் இருந்த இடத்திலேயே இருந்தன. திட்டம் அவற்றைத் தொடவில்லை.

சிங்கப்பூர் வேறு வழி எடுத்தது. 1989 முதல் அரசு அடுக்குமாடி வீடுகளில் இன ஒதுக்கீடு உண்டு: ஒரு கட்டடத்தில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 13 வரை. கடைசி எண் 2010இல் 15 ஆனது. தமிழர்களும் அந்த வரிசையில்தான் வருவார்கள். முதல் ஒதுக்கீட்டோடு நிற்காமல், மறுவிற்பனை நடக்கும் ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்கிறார்கள். பிரிவு திரும்பி வராமல் தடுப்பது அதுதான். செலவு யார் தலையில் என்று கேட்க மறப்பது இங்கே நடக்கும் தவறு. சீனர் எல்லை நிரம்பிய கட்டடத்தில் வீட்டை விற்கும் தமிழர் ஒரு சீனருக்கு விற்க முடியாது. நாட்டில் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். ஆகவே கேட்க வருகிறவர் குறைவு, விலையும் இறங்கும். இந்தப் புகார் பல ஆண்டுகள் இருந்தது. விற்க முடியாமல் உண்மையாகவே தவிக்கும் உரிமையாளர்களிடமிருந்து வீட்டை அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது.