ஸ்டாரைக் கழற்றிப் பரண்மேல் போட்டாச்சு, அப்புறம்?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கழற்ற இன்ன தேதி என்று எதுவும் கிடையாது. சில வீடுகளில் பொங்கலோடு இறங்கும். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்காலம் வரைக்கும் தொங்கியது, வெயிலில் சிவப்புத் தாள் வெளுத்து ரோஸாகி, ஒரு முனையில் காக்கா வேறு கொத்தி வைத்திருந்தது. அந்த ஸ்டார் தாங்கின அளவுக்குக்கூட 25ஆம் தேதி ஆராதனையில் நான் எடுத்த தீர்மானம் தாங்கவில்லை. ஏன் என்று யோசித்ததில் பிடிபட்ட தவறுகள்தான் இவை, பெரும்பாலும் என் தவறுகள்.

முதலில், கிறிஸ்துமஸ் 25ஆம் தேதி ராத்திரி பிரியாணிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்ததோடு முடிந்துவிட்டது என்று நினைப்பது. திருச்சபை நாட்காட்டியில் அது அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது, 12 நாள் ஓடி ஜனவரி 6இல் கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் வந்து குழந்தை இயேசுவைப் பணிந்துகொண்டதை நினைக்கும் நாளில் போய் நிற்கிறது. நாம் டிசம்பர் பிறந்ததும் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பி, பண்டிகை வரும்போது தொண்டையும் போய் உடம்பும் போய்விடுகிறோம். 26ஆம் தேதி யாருடைய நாள் தெரியுமா? கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானுடையது. 28, ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளுடையது. இயேசு பிறந்து கிடந்த முன்னணையை ஒட்டியே இதையெல்லாம் வைத்தவர்கள் யோசிக்காமல் வைக்கவில்லை. காசிமேட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், 2004இல் பண்டிகைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சுனாமியாகக் கடல் உள்ளே வந்தது.

அடுத்தது வாக்குத்தத்த அட்டை, புது வருஷத்துக்கென்று ஒரு பைபிள் வசனம் அச்சிட்டது. 31ஆம் தேதி ராத்திரி வருஷம் பிறக்கும்வரை நடக்கும் வாட்ச் நைட் சர்வீஸ் முடிந்து, வரிசையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, நல்ல வசனமாக வந்தால் பீரோ கண்ணாடியில் ஒட்டுவோம், சுமாராக வந்தால் பைபிளுக்குள் போய்விடும். (இரண்டாவது தடவை கையை விட்டு எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.) அட்டை எடுப்பது தப்பில்லை. அதில் இருக்கிற ஒரு வரியோடு நின்றுவிடுவதுதான் தப்பு. எல்லோருக்கும் பிடித்த எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்று வருமே, அது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. அதற்கு முந்தின வசனத்திலேயே 70 வருஷம் ஆகும் என்று போட்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் மேலே போனால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று கர்த்தர் வேலை கொடுத்திருக்கிறார். அந்த 7ஆம் வசனத்தை அட்டையில் நான் பார்த்ததே இல்லை. நம் பட்டணம் என்றால் இந்தத் தெருதான், தண்ணி லாரி வந்து நிற்கும்போது யாரும் பார்க்காத நேரம் காலால் குடத்தை முன்னே தள்ளுகிறோமே, அங்கேயும்தான்.

ஜெபத்துக்கும் பாட்டுக்கும் ஸ்பீக்கரை அலறவிடும் விஷயத்தை ரொம்ப நீட்டவில்லை. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம் பண்ணச் சொன்னவரின் பிள்ளைகள் நாம், பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கிறது, அவ்வளவுதான்.

சமாதானம் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன் மாடியில், தம்பி கீழே, பாகப்பிரிவினையில் வந்த சண்டை, பேச்சு நின்று பல வருஷம். கேரல் குழு வந்தால் வாசல் ஒன்றுதான், பாட்டும் ஒன்றுதான், காணிக்கைக் கவர் மட்டும் இரண்டு வரும். பண்டிகையன்று பிள்ளைகள் கையில் கேக்குத் தட்டு படியேறும், காலித் தட்டு இறங்கும். கேட்டால் 'எனக்கு அவன்மேல ஒண்ணும் இல்ல, அவன்தான் பேசமாட்டேங்கிறான்' என்று இருவரும் சொல்வார்கள். ஆனால் மத்தேயு 5:23ஐ நிதானமாகப் படித்துப் பாருங்கள், உனக்கு உன் சகோதரன்மேல் குறை இருந்தால் என்று அதில் இல்லை, அவனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் என்று இருக்கிறது. காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார் இயேசு. கேக்கைக் கொடுத்தனுப்பச் சொல்லவில்லை, போகச் சொல்கிறார்.

அப்புறம், புது வருஷம் என்றால் ஒரே வருஷத்தில் முழு பைபிளையும் முடிக்கிறேன் என்று கிளம்புவது. மொத்தம் 1,189 அதிகாரம், நாளைக்கு மூன்றுக்கு மேல் படித்தாக வேண்டும். ஆதியாகமம் கதைபோல் ஓடும், யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கு வரும்போது கண் சொருகும், ஜனவரி கடைசியில் லேவியராகமம் வந்ததும் புத்தகம் மூடிவிடும். நாளுக்கு அரை அதிகாரம் போதும் என்று ஆரம்பித்தவர்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் லேவியராகமத்தில் மூடினவன்தான், மூன்று தடவை. நாலாவது தடவை தாண்டிப் போனபோது 19ஆம் அதிகாரம் வந்தது. உன்னைப்போல் பிறனையும் நேசி என்று இயேசு எடுத்துச் சொன்னாரே, அது இருக்கிற இடம் அதுதான். அதற்கு ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரனின் கூலி விடியும்வரைகூட உன்னிடம் இருக்கக் கூடாது என்று இருந்தது. அப்போது பிப்ரவரி. எம்.சி. ரோட்டில் துணி எடுத்து, பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் கொடுத்து, அவசரம் அவசரம் என்று பிடுங்கி, ராத்திரி முழுக்கத் தையல்கார அக்காவை மிஷினில் உட்கார வைத்துத் தைத்து வாங்கின ரெண்டு பிளவுஸும் பிள்ளையின் பாவாடையும் அதற்குள் இரண்டு தடவை துவைத்தாகிவிட்டது. 'சம்பளம் வரட்டும்க்கா' என்று சொல்லி ஒரு சம்பளமும் வந்து போயிருந்தது. 650 ரூபாய்.

போய்க் கொடுத்தேன். அந்த அக்கா எண்ணிக்கூடப் பார்க்காமல் டேபிள் டிராயரில் போட்டுவிட்டு, 'ஈஸ்டருக்குத் தைக்கறதுன்னா இப்பவே கொடுத்துடு தம்பி' என்றார்கள்.