பழைய முறையில் ரொட்டி சுடும்போது எங்கே தவறுகிறோம்

தொழிற்சாலையில் செய்த ஈஸ்ட் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதுவரை ரொட்டியை உப்ப வைத்தது, தானியத்திலேயே ஒட்டியிருக்கும் காட்டு ஈஸ்ட்டும் புளிப்பைத் தரும் லாக்டிக் அமில பாக்டீரியாவும். சில இடங்களில் பீர் காய்ச்சும்போது பொங்கும் நுரையையும் சேர்த்தார்கள். இந்த முறைக்குத் திரும்ப ஆசைப்படுபவர்கள் பலர் முதல் வாரத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் அவசரம்.

ரொட்டியை உப்ப வைக்க வளர்க்கும் புளித்த மாவான தாய்மாவிலிருந்தே தொடங்குவோம். மாவும் தண்ணீரும் கலந்து வைத்த இரண்டாம் நாள் பாட்டிலில் நுரை பொங்கி வழியும். உடனே ரொட்டி போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள். அது ஈஸ்ட் இல்லை. முதலில் பெருகும் வேறு பாக்டீரியாக்கள் விடும் வாயு. வாடையும் குமட்டும். மூன்றாம் நான்காம் நாளில் புளிப்பு ஏற ஏற அவை அடங்கிவிடும், மாவு அசைவில்லாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று நானும் இரண்டு முறை கொட்டியிருக்கிறேன். உண்மையில் அந்த அமைதியான நாள்களில்தான் ஈஸ்ட்டுக்கு ஏற்ற புளிப்பு உருவாகிறது. அப்போது பயந்துபோய்ப் புதுமாவை அள்ளி அள்ளிப் போட்டாலும் புளிப்பு நீர்த்துப்போகும். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் பொறுங்கள். புதுமாவும் தண்ணீரும் சேர்த்த நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காக எழும்பி, அடுத்தடுத்த நாளும் அப்படியே எழும்பினால்தான் அது தயார்.

அடுத்தது, பழைய குறிப்பின் அளவை இன்றைய மைதாவில் அப்படியே போடுவது. உருளைகளால் அரைத்துத் தவிட்டைப் பிரிக்கும் ஆலைகள் 1870-களுக்குப் பிறகு பரவின. அதற்கு முன் கல்லில் அரைத்த, தவிடு கலந்த மாவுதான். தவிடு தண்ணீரை நிறையக் குடிக்கும், மெதுவாகவும் குடிக்கும். அதே தண்ணீரை மைதாவில் ஊற்றினால் கூழாகிவிடும். மாறாக, முழுக்கோதுமை மாவு கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு தூவினால் ரொட்டி கல்லாகிவிடும். தண்ணீர் கலந்து அரைமணி நேரம் சும்மா விடுங்கள், பாதி ஒட்டல் தானாகப் போய்விடும். மீதிக்குக் கையை ஈரமாக்கிக்கொண்டால் போதும். உப்பு, மாவின் எடையில் 2 சதவீதம்.

புளிக்கும் நேரத்துக்குக் கடிகாரத்தை நம்ப வேண்டாம். 24 டிகிரியில் ஐந்து மணி நேரம் கேட்கும் மாவு, 32 டிகிரியில் பாதி நேரத்திலேயே தளர்ந்துவிடலாம். உருட்டி வைத்த மாவில் விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் சட்டென்று நிரம்பினால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக, அரைகுறையாக நிரம்பினால் அடுப்புக்குப் போகலாம். நிரம்பவே இல்லையென்றால் தாமதித்துவிட்டீர்கள்.

விறகு அடுப்பில்தான் அதிகம் கெடுகிறது. அந்தக் கால வளைகூரைச் செங்கல் அடுப்பில் தீயை உள்ளேயே மூட்டுவார்கள். முதலில் கூரை முழுக்கக் கரி படியும். பிறகு சூடு ஏறியதும் அந்தக் கரியே எரிந்துபோய்ச் செங்கல் வெளுக்கும். அதுதான் அடையாளம். எரியும் கங்குகளை முழுவதும் வாரி வெளியே எடுத்து, ஈரத்துணி கட்டிய கழியால் தரையைத் துடைத்து, அடுப்பின் வாயை மூடிச் சிறிது நேரம் விட வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் அடி கருகி உள்ளே வேகாத ரொட்டி கிடைக்கிறது. தரையில் ஒரு சிட்டிகை மாவை வீசிப் பாருங்கள். நொடியில் கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும். நிதானமாகப் பழுப்பேறினால் சரி. சூடு குறைந்துவிடுமே என்று கங்குகளை உள்ளேயே விட்டுவைக்கவும் வேண்டாம். ரொட்டி வேகுவது செங்கல் பிடித்துவைத்த, மெல்லக் குறைந்துவரும் சூட்டில். முதல் சூட்டில் தட்டை ரொட்டி, பிறகு பெரிய ரொட்டி, கடைசியில் பழம் உலர்த்துவது என ஒரே விறகில் வரிசையாக முடிப்பார்கள்.

வீட்டு அவனில் சுடுபவர்கள் மறப்பது நீராவியை. மூடிய செங்கல் அடுப்பில் ரொட்டியிலிருந்து எழும் ஆவி வெளியேறாமல் மேல்தோலை மென்மையாக வைத்திருக்கும். அதனால்தான் அது நன்றாக உப்பியது. மூடியுள்ள கனமான இரும்புப் பாத்திரத்தை 240 டிகிரியில் முக்கால் மணி நேரம் காயவைத்து, அதில் ரொட்டியை வைத்து, முதல் 20 நிமிடம் மூடியே சுடுங்கள்.

சுட்டதும் வெட்டாதீர்கள். ஆறும்போதுதான் உள்ளே ஸ்டார்ச் இறுகுகிறது. கோதுமை ரொட்டிக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும், ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டிக்கு ஒரு நாள்.

இன்னொன்று, பிசைந்த மாவு முழுவதையும் சுட்டுவிடுவது. தனியாகத் தாய்மாவு வளர்க்காதவர்கள் ஒவ்வொரு முறையும் உப்புச் சேர்க்கும் முன் ஒரு கைப்பிடி எடுத்து வைப்பார்கள். அதை உருட்டி உலர்ந்த மாவுக்குள் புதைத்துவிட்டால் மேலே தோல் காய்ந்தாலும் நடுவில் ஈரம் இருக்கும். அடுத்த வாரம் மேல்தோலை உரித்து, அந்த நடுப்பகுதியை முந்தின இரவே வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வையுங்கள்.