ஜெல் பாலிஷ் நாலே நாளில் உரிகிறதா? போடுவதற்கு முன் நடக்கும் தவறுகள்

ஒழுங்காகப் போட்ட ஜெல் பாலிஷ் இரண்டு, மூன்று வாரம் அசையாமல் நிற்கும். நாலாம் நாளே ஓரம் தூக்கிக்கொண்டால் பலரும் பாலிஷையோ லேம்ப்பையோதான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு இருப்பது பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால், நகத்தைத் தயார் செய்த விதத்தில்.

ஜெல் என்பது திரவமாக இருக்கும் அக்ரிலேட் வகை ரசாயனம். லேம்ப்பின் ஒளி பட்டதும் அது இறுகித் திடமான படலமாகி, நகத்தின் கெரட்டின் பரப்பைப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் எண்ணெயோ ஈரமோ தூசியோ இருந்தால் ஜெல் பிடிப்பது நகத்தை அல்ல, அந்த அழுக்கைத்தான். அது விலகும்போது ஜெல்லும் கூடவே வந்துவிடும்.

தவறுகளில் முதலிடம் க்யூட்டிகிளுக்கு. நகம் தொடங்கும் இடத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, நகத்தைச் சுற்றி மடிந்திருக்கும் உயிருள்ள தோல். கிருமி உள்ளே போகாமல் காப்பது அதுதான், அதை வெட்டவே கூடாது. இன்னொன்று, அந்தத் தோலிலிருந்து வந்து நகத்தின் மேல் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய, கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரியாத இறந்த படலம். க்யூட்டிகிள் என்பது இதுதான், நீக்க வேண்டியதும் இதைத்தான். நடப்பதோ தலைகீழ்: நிப்பரை எடுத்து உயிருள்ள தோலை வெட்டிவிட்டு, இறந்த படலத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ரத்தம் வரும் அளவுக்கு வெட்டியும் ஜெல் நிற்காமல் போவதன் காரணம் இதுவே.

விரலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தின் அடிப்பகுதியில் வெளிறிய, பளபளப்பில்லாத ஒரு விளிம்பு தெரியும். க்யூட்டிகிள் ரிமூவரை அதன் லேபிளில் சொன்ன நேரம் மட்டும் வைத்து, புஷர் என்ற தட்டை முனைக் கருவியைச் சாய்வாகப் பிடித்து, அழுத்தாமல் சிறு சிறு வட்டமாகச் சுரண்டினால் வெள்ளைத் துகளாக வந்துவிடும். இரு பக்க மூலைகளையும் விடாதீர்கள். அவசரத்தில் தவறிப்போவது அவைதான், பல நேரம் தூக்கல் தொடங்குவதும் அங்கேதான். ரிமூவரை நன்றாகக் கழுவிவிட வேண்டும். அதன் மிச்சம் இருந்தாலும் பிடிப்பு போய்விடும்.

கழுவிய உடனே ஜெல் போடுவது அடுத்த தவறு. பல பார்லர்களில் இன்னமும் விரல்களை வெந்நீரில் ஷாம்பு போட்டு ஊறவைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். சாதாரண நெயில் பாலிஷுக்கே அது சிறந்த பழக்கமல்ல, ஜெல்லுக்கு அறவே வேண்டாம். நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், பிறகு காய்ந்து சுருங்கும். உப்பிய நகத்தின் மேல் இறுகிய ஜெல் அதோடு சேர்ந்து சுருங்காது, விளிம்பில் விட்டுப்போகும். பாத்திரம் தேய்த்தாலோ குளித்தாலோ நகம் முழுக்கக் காய நேரம் கொடுங்கள். பார்லரில் "தண்ணி வேண்டாம், டிரை மெனிக்யூர் பண்ணுங்க" என்று தயங்காமல் கேளுங்கள்.

சொரசொரப்பாக இருந்தால்தான் ஒட்டும் என்று நகத்தை ராவித் தள்ளுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மேற்பரப்பின் மினுமினுப்பு போனால் போதும். 180 முதல் 240 கிரிட் வரையுள்ள பஃபரால் இரண்டு மூன்று லேசான இழுப்பு, அவ்வளவே (கிரிட் என்பது சொரசொரப்பின் அளவு, எண் குறைந்தால் சொரசொரப்பு அதிகம்). இயற்கை நகத்தில் 100 கிரிட் ஃபைல் வேண்டாம். நகம் மெலிந்தால் அதிகமாக வளையும். மேலிருக்கும் ஜெல் அந்த அளவு வளையாததால் விரிசல் விடும். லேம்ப்புக்குள் கை வைத்ததும் சுரீரென்று சுடுவதும் மெலிந்த நகத்தில்தான் அதிகம். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ராவிக் கெடுத்த நகம் முழுதாக வளர்ந்து வெளியேற ஆறு மாதம் போல ஆகிவிடும்.

பஃப் செய்தபின் நகத்தை விரலால் தொடாதீர்கள், தலையைக் கோதாதீர்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்த முடியில் ஒரு முறை கை பட்டாலே செய்த வேலை வீண். துடைக்கப் பஞ்சு வேண்டாம், இழை ஒட்டும். இழை உதிராத வைப்ஸ் நல்லது. சானிட்டைசரால் துடைப்பதும் சரியல்ல. பலவற்றில் கிளிசரின் இருக்கிறது, அது படலமாகத் தங்கும். 'மாய்ஸ்சரைசிங்' என்று போட்ட ரிமூவருக்கும் இதே சிக்கல். சுத்தமான அசிட்டோன் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். நகத்தின் ஈரப்பசையை எடுக்கும் டிஹைட்ரேட்டர் போட்டால் தாமதிக்காமல் பேஸ் கோட்டுக்கு, அதாவது ஜெல்லின் அடிப்பூச்சுக்கு, போய்விடுங்கள்.

கல்யாணப் பெண்களுக்கு ஒரு வார்த்தை: நலங்கு, மருதாணி எல்லாம் முடிந்த பிறகே ஜெல். நலங்கில் எண்ணெயும் மஞ்சளும் விரலெல்லாம் படும், வெளிர் நிற ஜெல்லில் மஞ்சள் கறை ஏறிவிடும். மருதாணி சிவக்க நீலகிரித் தைலம் தடவியிருந்தால் அந்த எண்ணெய்ப் பசை முழுக்கப் போக வேண்டும்.

பேஸ் கோட்டைத் தடிமனாகப் போட்டு தோலில் வழியவிடுவது அழகுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. இறுகாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். இதில் முக்கியக் காரணி ஹெமா என்ற சேர்மம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெமா உள்ள நகப் பொருள்களைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று வரையறுத்திருக்கிறார்கள். ஒருமுறை வந்த ஒவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுக்கத் தொடரும். இதே குடும்ப ரசாயனங்கள் பல் அடைக்கும் பொருள்களிலும் இருப்பதால் பின்னாளில் பல் மருத்துவரிடமும் தொல்லை வரலாம். தோலிலிருந்து மயிரிழை இடைவெளி விட்டு, மெல்லிய பூச்சாகப் போட்டு, நக நுனியின் விளிம்பையும் சேர்த்து மூடுங்கள். வழிந்தால் லேம்ப்பில் வைப்பதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். அரிப்பு, கொப்புளம் வந்தால் ஜெல்லை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். நகம் தடித்து மஞ்சளாகவோ, பச்சைக் கறையோடோ, சதையிலிருந்து விட்டுப்போயோ இருந்தால் அதை ஜெல்லால் மறைக்க வேண்டாம்.

பழைய ஜெல்லைப் பிய்த்து எடுக்காதீர்கள், நகத்தின் மேலடுக்கும் கூடவே உரிந்து வரும். அந்தச் சிதைந்த பரப்பில் அடுத்த ஜெல்லும் சரியாகப் பிடிக்காது. மேல் பளபளப்பை ஃபைலால் லேசாக எடுத்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, ஃபாயிலால் சுற்றி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். மரக்குச்சியால் தள்ளும்போது தானாக நகர வேண்டும். நகராவிட்டால் சுரண்டாமல் மறுபடி ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள்.