ஸ்கார்பரோ குளிரில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவது எப்படி: முதல் வருடக்காரர்களுக்கு

போன வாரம் கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருக்கும் போல. பையன் புத்தம் புது ஸ்நோ பேன்ட்டை (சாதாரண பேன்ட்டுக்கு மேல் போடும், பனி இறங்காத தடித்த பேன்ட்) பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு, விண்வெளிக்குப் போகிறவன் மாதிரி நின்றான். நாலு வருடத்துக்கு முன்னால் நானும் என் மகளை இப்படியேதான் அனுப்பினேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவர்கள் இறங்கிவிட்டார்கள். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு நிலவரம் இது. மகள் மூன்றாம் வகுப்பு, மகன் எஸ்கே (சீனியர் கிண்டர்கார்டன், நம் ஊர் யுகேஜி மாதிரி). மனைவிக்கு அதிகாலை ஷிஃப்ட் என்பதால் காலை நேரம் முழுக்க என் பொறுப்பு. முதல் குளிர்காலத்தில் மகள் ஒருத்தியைக் கிளப்பவே அரை மணி நேரம் ஆனது. இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம்.

என்ன வாங்க வேண்டும் என்று கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். என் பங்குக்கு இரண்டு கருத்து மட்டும். பூட்ஸைப் புதிதாக வாங்குங்கள். ஸ்நோ பேன்ட்டும் ஜாக்கெட்டும் வேல்யூ வில்லேஜ் மாதிரி பழைய துணிக் கடைகளில் வாங்கினால் போதும். பிள்ளை ஒரு வருடத்தில் வளர்ந்துவிடும், துணிக்குத் தேய்மானமே இருக்காது. அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள். ஜனவரியில் போனால் உங்கள் பிள்ளையின் அளவைத் தவிர மற்ற எல்லா அளவும் கிடைக்கும்.

படி 1: காற்றைப் பாருங்கள்

போனில் வெதர்கேன் என்ற கனடா அரசின் வானிலை ஆப் வைத்திருக்கிறேன். அதில் வெப்பநிலையை விட்டுவிட்டு விண்ட் சில் எண்ணை, அதாவது காற்றையும் சேர்த்து உடம்புக்கு எவ்வளவு குளிரும் என்ற கணக்கைப் பார்க்க வேண்டும். -12 என்று போட்டிருக்கும், காற்று சேர்ந்தால் -22 ஆகிவிடும். விண்ட் சில் -28ஐத் தொட்டால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம் என்பது கனடாவின் சுற்றுச்சூழல் துறை சொல்லும் கணக்கு.

இவ்வளவு குளிரில் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். விடுவார்கள். மிகக் கடுமையான நாளைத் தவிர ரிசெஸ் (விளையாட விடும் இடைவேளை) எல்லாமே வெளியில்தான். ஆகவே காரில் ஏறி இறங்குவதற்கு மட்டும் உடுத்திவிடுவது செல்லாது. பனியில் அரை மணி நேரம் உருண்டு புரளப் போகிற பிள்ளைக்கு உடுத்துகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: உடம்போடு ஒட்டும் துணி

திருச்சியிலிருந்து வரும்போது பெட்டி நிறையப் பருத்தி பனியனும் சாக்ஸும் கொண்டுவந்தோம். மகளுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சாக்ஸ் போட்டு அனுப்பினேன். சாயங்காலம் கால் ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா பார்த்துவிட்டு, "தம்பி, பிள்ளைக்குப் பருத்திச் சொக்ஸ் போட்டு விடாதேங்கோ. சப்பாத்துக்குள்ள காத்து நிக்க இடம் வேணும்" என்றார். அந்த ஒரே பேச்சில் என் இரண்டு தப்பும் இருந்தன.

பருத்தி வேர்வையை உறிஞ்சும், ஆனால் விடாது. ஓடியாடிய பிள்ளை வகுப்புக்குள் போகும்போது ஈரச் சாக்ஸோடுதான் போகும். இரண்டு சாக்ஸ் போட்டால் பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறையும், சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றும் உள்ளே நிற்காது. மெரினோ கம்பளி கலந்த சாக்ஸ் ஒன்று போதும். உடம்புக்கு பாலியெஸ்டர் தெர்மல் (ஒட்டிப்பிடிக்கும் உள்ளாடை), அதன் மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை), அதற்கும் மேல் ஜாக்கெட். தெர்மல் பேன்ட்டின் கால் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் முழங்காலில் சுருண்டு நிற்கும்.

படி 3: பாத்ரூம்

இதைத் தாண்டிவிட்டு அடுத்த படிக்குப் போகாதீர்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

படி 4: ஸ்நோ பேன்ட், பூட்ஸ்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான்.

மகள் ஜேகே (ஜூனியர் கிண்டர்கார்டன், எஸ்கேக்கு முந்தைய வகுப்பு) சேர்ந்த வருடம், ஜனவரி மாதம். பள்ளி அலுவலகத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை போன் வரும்: சாக்ஸ் நனைந்துவிட்டது, மாற்று சாக்ஸ் இருக்கிறதா? பூட்ஸ் ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, கடைக்குப் போய்ச் சண்டை போட்டு மாற்றி வந்தேன். மறுபடியும் ஈரம். இன்னும் விலை கூடியதாக ஒன்று வாங்கினேன். மறுபடியும் ஈரம். ஒரு நாள் ராத்திரி பூட்ஸின் உள்ளே இருக்கும் தடித்த லைனரை உருவி எடுத்துக் கையை விட்டுப் பார்த்தேன். விரல் பக்கம் காய்ந்திருந்தது, கணுக்கால் பக்கம்தான் சொதசொதவென்று இருந்தது. பூட்ஸ் ஒழுகினால் அடியில் அல்லவா ஈரம் இருக்க வேண்டும்? பனி மேலே இருந்து இறங்கியிருக்கிறது! அந்தக் கடைக்காரரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஸ்நோ பேன்ட்டின் கால் பகுதியை உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். உள்ளே மெல்லிய துணியில் இன்னொரு குட்டைக் கால் இருக்கும், அடியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்திருப்பார்கள். நான் அதைச் சும்மா ஒரு லைனிங் என்று நினைத்திருந்தேன். அந்த எலாஸ்டிக் பூட்ஸுக்கு வெளியே, மேலிருந்து இழுத்து மாட்டுவதற்காக வைத்தது. அதற்கும் மேல் பேன்ட்டின் வெளித்துணி இறங்கி மூடும். நம் ஊர் ஓட்டு வீட்டில் மேல் வரிசை ஓடு கீழ் வரிசையின் மேல் படிந்திருக்குமே, அதே கணக்கு. பேன்ட்டைப் பூட்ஸுக்குள் திணித்தால் ஓட்டைத் தலைகீழாக வேய்ந்த மாதிரி. விழுகிற பனியெல்லாம் நேராக உள்ளே போகும்.

செய்யும் வரிசை:

முதலில் ஸ்நோ பேன்ட்டை மாட்டி, தோள்பட்டை வாரைப் போட்டுவிடுங்கள். வெளித்துணியையும் உள் எலாஸ்டிக்கையும் சேர்த்து முழங்கால் வரை சுருட்டி ஏற்றுங்கள். பிள்ளையை உட்காரவைத்துப் பூட்ஸை மாட்டி இறுக்குங்கள். இப்போது எலாஸ்டிக்கை மட்டும் கீழே இழுத்து பூட்ஸின் வாயை மூடுங்கள். சிலவற்றில் எலாஸ்டிக்கின் முன்பக்கம் சின்னக் கொக்கி இருக்கும், அதை பூட்ஸின் நாடாவில் மாட்டலாம். கடைசியாக வெளித்துணியை இறக்கிவிடுங்கள்.

இதை நீங்கள் செய்வது பெரிதில்லை, பிள்ளை செய்ய வேண்டும். ரிசெஸ் நேரத்தில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் காலடியிலும் குனிந்துகொண்டிருக்க முடியாது. ஒரு சனிக்கிழமை வீட்டுக்குள்ளேயே பந்தயம் வையுங்கள். எங்கள் வீட்டில் அப்பாவும் ஸ்நோ பேன்ட் போட்டுக்கொண்டு போட்டியிட்டார், தோற்றார்.

படி 5: ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் புரட்டுவது

மகன் எஸ்கேயில் கற்றுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லித்தந்த வித்தை. ஜாக்கெட்டை ஜிப் மேலே தெரியும்படி தரையில் விரித்து, தொப்பிப் பக்கம் தன் காலடியில் இருக்கும்படி நிற்க வேண்டும். குனிந்து இரண்டு கைகளையும் சட்டைக்கைக்குள் விட்டு, அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் புரட்டினால் ஜாக்கெட் ஒழுங்காக வந்து உட்காரும். மூன்று வயதுப் பிள்ளைகூடச் செய்துவிடும். நான் செய்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது.

படி 6: தலை, கழுத்து, கை

நெக் வார்மரையும் (கழுத்தைச் சுற்றி மூடும் துணி வளையம்) டூக்கையும் ஜிப் ஏற்றுவதற்கு முன் மாட்டுங்கள். டூக் என்பது காதை மூடும் கம்பளிக் குல்லா, இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் அதுதான். நீள மஃப்ளர் வேண்டாம். சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும் அபாயம் உண்டு.

பெண் பிள்ளை இருந்தால் தலைவாருவதும் இதில் சேர்த்தி. உச்சியில் குதிரைவால் கட்டினால் டூக் அதன் மேல் ஏறி உட்கார்ந்து காதை விட்டுவிடும். தாழ்வாக இரட்டைப் பின்னல் போட்டால் குல்லா படிந்து நிற்கும். தலைக்கு ஊற்றுவதை ராத்திரியோ சனிக்கிழமையோ வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் தலையோடு ஒரு நாள் அவளை வெளியே கூட்டிப்போனேன், பின்னல் நுனி விறைத்துக் குச்சி மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு ஒரே சந்தோஷம், எனக்கு வீட்டில் திட்டு.

கைக்கு மிட்டன்தான் (கட்டைவிரலுக்கு மட்டும் தனி இடம் விட்ட கையுறை), ஐந்து விரல் கிளவுஸ் வேண்டாம். விரல்கள் ஒன்றாக இருந்தால் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளும். அது தவிர, எஸ்கே பையனின் ஐந்து விரலையும் ஐந்து ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்பளியில் பின்னியது உதவாது. ஊட்டியில் ஆசையாக வாங்கிய கம்பளிக் கையுறையில் பனி உருண்டை உருண்டையாக ஒட்டி, உருகி, கை விரல் சிவந்து வந்தது. தண்ணீர் இறங்காத, மணிக்கட்டைத் தாண்டி நீளும் மிட்டன் வாங்குங்கள். ஜிப் ஏற்றிய பிறகு கடைசியாக மாட்டி, ஜாக்கெட்டின் கை நுனியை அதற்குள் விடுங்கள். மிட்டனை முதலில் மாட்டிய பிள்ளை ஜிப் போட முடியாமல் நிற்கும்.

கன்னத்திலும் உதட்டிலும் கொஞ்சம் வாசலின். தேங்காய் எண்ணெயும் சரிதான், ஆனால் ஜன்னலோரம் வைத்த பாட்டிலில் அது வெண்ணெய் மாதிரி கெட்டியாகியிருக்கும்.

காரில் போகிறவர்களுக்கு: உப்பலான ஜாக்கெட்டோடு கார் சீட்டில் பெல்ட் போடக் கூடாது. மோதலில் ஜாக்கெட்டின் பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். ஃப்ளீஸோடு உட்காரவைத்து பெல்ட்டை இறுக்கி, ஜாக்கெட்டைப் போர்வை மாதிரி மேலே போடுங்கள்.

படி 7: சாயங்கால வேலை

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். பிள்ளைகள் வந்ததும் எல்லாவற்றையும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு சோபாவில் சாய்ந்துவிடுவார்கள். அந்தக் குவியலை அப்படியே விட்டால் மறுநாள் காலையில் ஈர மிட்டன்தான் கிடைக்கும். லைனர்களை உருவித் தனியாகக் காயவைக்க வேண்டும். வென்ட் வழியாகச் சூடான காற்று வரும் வீடென்றால் பக்கத்தில் வைத்தால் போதும். சுவரோரம் மின்சார ஹீட்டர் இருக்கும் வீடுகளில் அதன் மேல் துணி போடவே கூடாது, தீப்பிடிக்கும். நாங்கள் மடக்கும் துணிக்கொடி ஒன்றை வைத்திருக்கிறோம். லைனர் பிரியாத பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, தூங்கப் போகும் முன் ஒரு தடவை மாற்றினால் காலைக்குள் காய்ந்துவிடும். ஸ்கார்பரோ கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகைகளை நான் ராசிபலன் பார்த்துவிட்டு இதற்கு வைத்துக்கொள்வேன். பூட்ஸ் டிரையர் என்று ஒரு மெஷின் விற்கிறார்கள், எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

பூட்ஸில் வெள்ளை வெள்ளையாகப் படிவது சாலையில் தூவும் உப்பு. வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்தால் போய்விடும்.

ஒன்று மறந்துவிட்டேன். பனி கொட்டும் நாளில் பள்ளிப் பேருந்து ரத்தாகலாம், பள்ளி பெரும்பாலும் திறந்திருக்கும். இரண்டும் ஒன்றல்ல. முதல் வருடம் பேருந்து இல்லை என்றதும் விடுமுறை என்று நினைத்து நானும் மகளும் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

சேர்க்கை 1: பூட்ஸின் வாய் அகலமாக இருப்பதால் எலாஸ்டிக் ஏறவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பூட்ஸை மாட்டிய பிறகு கீழிருந்து ஏற்றப் பார்த்திருப்பீர்கள். நான் சொன்னபடி முன்பே முழங்கால் வரை சுருட்டி ஏற்றிவைத்துவிட்டு, பூட்ஸின் பட்டையை நன்றாக இறுக்கி, மேலிருந்து இறக்குங்கள். அப்போதும் வராவிட்டால் ஸ்நோ பேன்ட்டை ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள்.

சேர்க்கை 2: எட்மன்டனிலிருந்து ஒருவர், "உங்கள் ஊரில் குளிரே கிடையாது" என்று ஆரம்பித்து நல்ல யோசனை ஒன்று சொன்னார். ஒரே பூட்ஸுக்கு இரண்டு ஜோடி லைனர் வாங்கி, நாள் விட்டு நாள் மாற்றிப் போடுகிறாராம். இந்த வாரம் தேடி வாங்கிவிட்டேன். செய்தித்தாள் வேலை மிச்சம்.

சேர்க்கை 3: ஒரு அம்மா கேட்டார், பிள்ளை நாள் முழுக்க பூட்ஸோடு வகுப்பில் உட்கார்ந்தால் கால் வேகாதா என்று. உட்காரக் கூடாது! வகுப்பறைக்கு வேறு ஷூ தனியாக வாங்கிப் பள்ளியிலேயே விட்டுவைக்க வேண்டும். எங்களுக்குப் பழகிப்போனதால் எழுதாமல் விட்டுவிட்டேன். நாடா இல்லாத, வெல்க்ரோ ஷூவாக வாங்குங்கள். பையில் ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு ஜோடி மிட்டன் உபரியாக வையுங்கள். எல்லாவற்றிலும், மிட்டனில் இடது, வலது இரண்டிலும் தனித்தனியாக, பெயர் எழுதுங்கள். நேற்று என் மகன் இரண்டு இடது கை மிட்டனோடு வந்தான், ஒன்றில்தான் அவன் பெயர் இருந்தது.