ஜகாத் கணக்கைச் சரியாகப் போடுவது எப்படி?

ஜகாத், அதாவது செல்வத்தில் ஒரு பங்கைத் தேவையுள்ளவர்களுக்குக் கொடுப்பது, இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் ஒன்று. தோராயமாக ஏதோ கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, உட்கார்ந்து கணக்குப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

முதலில் ஒரு பிறைத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், அதாவது உங்கள் செல்வம் நிஸாப் அளவை (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு, சுமார் 85 கிராம் தங்கம் அல்லது 595 கிராம் வெள்ளியின் மதிப்பு) எட்டிய நாள். பிறைக் கணக்கிலான ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் ஆங்கிலத் தேதியை நம்பினால் கணக்கு பிந்திப் போகும். ரமலானில்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அப்புறம், ஓர் ஆண்டு முடிந்து அதே பிறைத் தேதி வரும் நாளில் கையிலும் வங்கியிலும் உள்ள பணம், தங்கம், வெள்ளி, அன்றைய விற்பனை விலையில் கடைச் சரக்கு, நிச்சயம் திரும்பி வரும் கடன் எல்லாவற்றையும் கூட்டுங்கள். குடியிருக்கும் வீடும் ஓட்டும் வண்டியும் சேராது. கூட்டி வரும் மொத்தத்தில் 2.5 சதவீதம்தான் ஜகாத், ஒரு லட்சத்துக்கு 2500.

பலரும் தடுமாறுவது அணியும் நகையில். ஹனஃபி மத்ஹபில் (மத்ஹப் என்பது மார்க்கச் சட்டப் பிரிவு) அதற்கும் ஜகாத் உண்டு, ஷாஃபி மத்ஹபில் வழக்கமான அளவுக்குள் பெண்கள் அணிவதற்கு இல்லை. நீங்கள் எதைப் பின்பற்றுகிறீர்களோ அதிலேயே நில்லுங்கள், வசதிக்காக மாற்றாதீர்கள். கடனைக் கழிப்பதிலும் கருத்து வேறுபாடு இருக்கிறது, ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுவிடுங்கள்.

யாருக்குக் கொடுப்பது? குர்ஆன் 9:60 எட்டு வகையினரைச் சொல்கிறது: ஏழைகள், கடனில் சிக்கியவர்கள், வழிப்போக்கர்கள் போன்றோர். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஏழைகள் என்று சொல்லி ஜகாத்தைக் கொடுக்கக் கூடாது, அவர்களைப் பராமரிப்பது ஏற்கெனவே உங்கள் பொறுப்பு. தேவையுள்ள அண்ணன் தங்கைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஜகாத் என்று சொல்லிக் காட்டி அவர்கள் மனதை நோகடிக்க வேண்டியதில்லை, உங்கள் நிய்யத் (மனதில் கொள்ளும் எண்ணம்) போதும்.