மொட்டை மாடியில் மௌனக் காதல் படம் போடுவது எப்படி

நூறு வருஷத்தை நெருங்கும் ஒரு காதல் படத்தை, அதுவும் யாரும் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாத படத்தை, மதுரையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் போட்டால் சனம் உட்கார்ந்து பார்க்குமா? பார்க்கும், அழவும் செய்யும். ஆனால் போடுகிற விதத்தில் போட வேண்டும். பேசும் படத்தில் கண் அங்கே இங்கே போனாலும் காது கதையைப் பிடித்துக்கொள்ளும், மௌனப் படத்தில் அந்த வசதி கிடையாது, கண்ணை எடுத்தால் கதை போய்விடும். அதனால் செல்போனில், நடுநடுவே மெசேஜ் பார்த்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கு அது செத்த படமாகத்தான் தெரியும். நாலு பேரைச் சேர்த்து, இருட்டில், பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். அவன் என்ன சொல்லியிருப்பான், அவள் ஏன் முகத்தைத் திருப்பினாள் என்பதையெல்லாம் பார்க்கிறவர்களே மனதுக்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இந்தக் காதல் படங்கள் இன்னும் பழசாகாமல் இருப்பது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

முதல் படம் எது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. நான் சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' என்றுதான் சொல்வேன். அவர் முகம் தெரியாத வீடு இல்லை, அதனால் யாரையும் வற்புறுத்திக் கூட்டிவர வேண்டியதில்லை. படம் வந்தது 1931இல். உலகம் முழுக்கப் படங்கள் பேச ஆரம்பித்துவிட்ட நேரம், நம் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வந்ததும் அதே வருஷம்தான். சாப்ளின் மட்டும் பேச மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து, இசையைத் தானே அமைத்து வெளியிட்டார். பார்வையில்லாத பூக்காரப் பெண் ஒருத்தி, ஒரு ஏழையைப் பணக்காரன் என்று நினைத்துக்கொள்ள வேண்டும், கதைக்கு அதுதான் அடித்தளம். அதை எப்படிக் காட்டுவது? அவன் போலீஸ்காரருக்குப் பயந்து, நின்றுகொண்டிருக்கும் ஒரு காருக்குள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறான், கதவு சாத்தும் சத்தம் அவள் காதில் விழுகிறது, காரிலிருந்து இறங்கியவர் என்று நினைத்துப் பூவை நீட்டுகிறாள். பேச்சே இல்லாத படத்தில், கதையின் முக்கியமான முடிச்சு ஒரு சத்தத்தில் இருக்கிறது! அந்த ஒரு காட்சி சரியாக வரும்வரை சாப்ளின் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருந்தார். படம் தொடங்கும் முன் இதை எல்லோருக்கும் சொல்லிவிடாதீர்கள், முடிந்த பிறகு சொல்லுங்கள், அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லிக் கேட்பார்கள்.

இரண்டாவதாக 'சன்ரைஸ்', 1927, இயக்கியவர் முர்னாவ். இது நம் பக்கத்துக் கதை மாதிரியே இருக்கும். கிராமத்துச் சம்சாரி ஒருவன் பட்டணத்திலிருந்து வந்த ஒருத்தியிடம் மயங்கி, பெண்டாட்டியைப் படகில் கூட்டிப்போய்த் தண்ணீரில் தள்ளிவிட நினைக்கிறான், கை வரவில்லை. அவள் கரையேறி ஓடி டிராமில் ஏறிவிடுகிறாள், இவனும் பின்னாலேயே ஓடி ஏறுகிறான். அந்த டிராம் காட்டைத் தாண்டி, ஊரைத் தாண்டிப் பட்டணத்துக்குள் நுழையும் வரை இரண்டு பேரும் அநேகமாக ஒன்றும் பேசுவதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் வீட்டில் சண்டை போட்டுவிட்டு, ஒரே பஸ்ஸில் ஏறி ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி பெரியார் நிலையம் வரை வந்த தம்பதிகள் இந்தக் காட்சியை யாரும் விளக்காமலே புரிந்துகொள்வார்கள். அப்புறம் பட்டணத்தில் அவன் பூ வாங்கிக் கொடுக்கிறான், தற்செயலாக ஒரு தேவாலயத்தில் நடக்கும் கல்யாணத்தைப் பார்க்கிறார்கள், அங்கே மந்திரம் போலச் சொல்லப்படும் உறுதிமொழியைக் கேட்டு அவன் உடைந்து அழுகிறான். ஒரு கல்யாணம் ஆன ஜோடி மறுபடி காதலிக்க ஆரம்பிப்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படங்கள் குறைவு. மனைவியாக நடித்த ஜேனட் கெய்னர் முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார், மூன்று படங்களுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள், அதில் இதுவும் ஒன்று. ஒரே எச்சரிக்கை: முதல் அரை மணி நேரம் பயமாக இருக்கும். பெரியவர்களிடம் முன்கூட்டியே "அவன் கொல்ல மாட்டான், உட்காருங்க" என்று சொல்லிவிடுவது நல்லது.

சரி, திரைக்கு வருவோம். சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்தால் அதைவிட நல்ல திரை இல்லை. வேட்டி கட்டுவதாக இருந்தால் ஒற்றையாகக் கட்டாதீர்கள், வெளிச்சம் பாதி பின்பக்கம் போய்விடும், இரட்டையாக மடித்துக் கட்டி, கீழ் ஓரத்தில் செங்கல் வைத்து இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் முகம் நெளியும். புரொஜெக்டர் சொந்தமாக இல்லாதவர்கள் கல்யாண வீடுகளுக்கு மைக்செட், லைட் போடுகிறவர்களிடம் கேட்டால் வாடகைக்குக் கிடைக்கும். இந்தப் படங்களின் அளவு 4:3 அல்லது அதைவிடச் சற்றுக் குறுகலாக இருக்கும், பிரதியில் உள்ளபடியே வைக்க மறக்காதீர்கள். அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்று இழுத்துவிட்டால் எல்லா முகமும் வீங்கிப்போகும், முகத்தை நம்பியே எடுத்த படத்தில் முகத்தைக் கெடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது வேகம், இதைத்தான் முக்கால்வாசிப் பேர் கவனிப்பதில்லை. அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், வினாடிக்கு 16, 18, 20 பிரேம் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணக்கு. ஒலி வந்த பிறகுதான் 24 என்று நிலையாக ஆனது. பழைய படத்தை அப்படியே 24இல் ஓட்டினால் எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவார்கள், காதல் காட்சியும் சிரிப்பாகிவிடும். மௌனப் படம் என்றாலே வேடிக்கை என்று நம் ஆட்கள் நினைக்கக் காரணமே இதுதான். நல்ல சீரமைத்த பிரதியில் இது சரியாக இருக்கும். இல்லாவிட்டால் விஎல்சி மாதிரி கணினியில் படம் ஓட்டும் மென்பொருளில் வேகத்தை 0.65க்கும் 0.85க்கும் நடுவில் வைத்து, தெருவில் ஆட்கள் நடக்கும் காட்சியைப் பாருங்கள், நடை இயல்பாகத் தெரியும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். 'சிட்டி லைட்ஸ்', 'சன்ரைஸ்' இரண்டும் இசையோடு சேர்த்தே வெளிவந்தவை, அவற்றின் வேகத்தில் கை வைக்க வேண்டாம், அந்த இசையையும் மாற்ற வேண்டாம். நடுவில் திரை நீலமாகவோ மஞ்சளாகவோ மாறும் படங்களும் உண்டு, புரொஜெக்டர் கோளாறு என்று பதற வேண்டாம், இரவுக்கு நீலம், விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள் என்று அப்போது பிலிமுக்கே சாயம் ஏற்றினார்கள்.

இசை இல்லாத பிரதி கிடைத்தால் நீங்களே போடலாம். தெருவில் கீபோர்டு வாசிக்கிற பையன் இருந்தால் கூப்பிடுங்கள், ஒரு முறை படத்தைப் பார்க்கவைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டு மட்டும் வேண்டாம். தெரிந்த மெட்டு வந்தால் சனம் அந்தப் பாட்டின் வரிகளுக்குப் போய்விடும், திரையில் இருக்கிறவர்களை விட்டுவிடும். முளைப்பாரி, அம்மன் கோயில் திருவிழா என்று தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும் நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பேச்சும் கதையும் நடுநடுவே திரையில் எழுத்தாக வருமே, அந்த எழுத்து அட்டைகளை வாசிக்க ஓர் ஆள் வையுங்கள். தமிழில் சப்டைட்டில் போடலாம்தான், ஆனால் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு வந்த அப்பத்தாவுக்கு அது உதவாது. இதொன்றும் புதிய யோசனையும் இல்லை, மௌனப் பட நாட்களில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையைச் சத்தமாகச் சொல்லுவது வழக்கம். வீட்டில் கதை சொல்லத் தெரிந்தவர் யார் என்று உங்களுக்கே தெரியும், சித்தியாக இருக்கலாம், பிளஸ் டூ படிக்கிற பெண்ணாக இருக்கலாம். அவர் முதல் நாளே படத்தைப் பார்த்து, அட்டைகளை நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். வானொலிச் செய்தி மாதிரி வாசிக்கக் கூடாது, வீட்டில் பேசுகிற மாதிரி, "அவளக் கூட்டிட்டுப் போயி ஆத்துல தள்ளிட்டா என்ன?" என்று தாழ்ந்த குரலில் சொன்னால் போதும். 'சன்ரைஸ்' படத்தில் இந்த அட்டை வரும்போது எழுத்துகளே தண்ணீரில் அமிழ்வது போலக் கீழே கரைந்து இறங்கும், அது முழுசாக இறங்கட்டும், அப்புறம் சொல்லுங்கள். அந்தப் படத்தின் பிற்பாதியில் அட்டைகள் குறைந்துகொண்டே போகும், வாசிக்கிறவரும் பேசாமல் உட்கார்ந்து பார்க்கட்டும். சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது, விளக்கம் சொல்லவே கூடாது. 'சிட்டி லைட்ஸ்' கடைசியில் சின்னச் சின்னதாகச் சில அட்டைகள் வரும், பூக்காரப் பெண் அவன் கையைத் தொட்டு ஆளைக் கண்டுபிடிக்கிற இடம், அங்கே குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் எல்லாம் கெட்டுவிடும்.

நேரம் 7.15க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் நன்றாக இருட்டும். மாசி வரை சுகமாக இருக்கும், பங்குனி, சித்திரை என்றால் சாயங்காலமே தரையில் தண்ணீர் ஊற்றி ஆறவிட வேண்டும். ஜமுக்காளம், கொசுவத்தி, பருத்திப்பால். தெருவிளக்கு திரையில் விழாத மூலையாகப் பாருங்கள்.

இரண்டு படம் ஓடிவிட்டால் அதற்கப்புறம் அவர்களே கேட்பார்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் 'லோன்சம்' போடுங்கள், 1928, பால் ஃபெயோஸ் எடுத்தது. தனிமையில் வாடும் இரண்டு பேர் நியூயார்க்கின் கடற்கரைக் கூட்டத்தில் சந்திக்கிறார்கள், ஒரே நாளில் மனம் ஒட்டிப்போகிறது, புயல் மழையும் நெரிசலும் பிரித்துவிடுகின்றன, முகவரியும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று கூட வந்தவரைக் கூட்டத்தில் தவறவிட்டுத் தேடியவர்களுக்கு அந்தத் தவிப்பு புரியும். சில இடங்களில் பேச்சு வரும், பேசும் பட அலையில் சேர்த்தது, வாசிக்கிறவரிடம் சொல்லி வையுங்கள். பாட்டிமார் நிறைய வந்தால் 'பிரபஞ்ச பாஷ்', 1929, ஃபிரான்ஸ் ஆஸ்டன் இயக்கியது. மகாபாரதச் சூதாட்டம்தான் மூலம், ஒருத்தியை விரும்பும் இரண்டு ராஜாக்கள், ஒருவன் கள்ளத் தாயம் போடுகிறான். பாதிக் கதை அவர்களுக்கே தெரியும் என்பதால் அட்டையே தேவைப்படாது. அதில் நாயகியாக நடித்த சீதா தேவியை இன்னும் பார்க்க வேண்டும் என்றால் தாஜ்மகால் கதையான 'ஷிராஸ்', 1928. அதில் ஒரு முத்தக் காட்சி உண்டு, குடும்பத்தோடு பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழ்ப் படம் ஒன்று போடேன் என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' என்ற மௌனப் படம் பிரதியே இல்லாமல் அழிந்துபோய்விட்டது, அந்த நாட்களின் படங்கள் பெரும்பாலும் அப்படியே போய்விட்டன. நம் புதுக்கோட்டைக்காரர் ராஜா சாண்டோ பம்பாய் மௌனப் படங்களில் பெரிய நாயகனாக இருந்துவிட்டு, இங்கே வந்தும் மௌனப் படங்கள் இயக்கினார். தெற்கில் மிஞ்சியதில் பெயர் சொல்லக்கூடியது 'மார்த்தாண்ட வர்மா', நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்தது, பிரதி புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதிலும் ஒரு காதல் கதை ஓடுகிறது. ஆவணக் காப்பகம் எங்காவது அதைத் திரையிடுகிறது என்று கேள்விப்பட்டால், மாடிக் கூட்டத்தில் வரக்கூடியவர்களைச் சேர்த்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.