கோடோவில் ஓர் இருட்டுப் புதிர்: விளக்கு பட்டால் சுவர், படாவிட்டால் வழி

வெளிச்சம் படும்போது பெட்டி திடமாக நிற்கும். இருட்டில் அது இல்லவே இல்லை. ஊடே நடந்து போகலாம். இந்த ஒரே விதி ஒரு முழு விளையாட்டுக்குப் போதும் என்பதை 2012-ல் வந்த குளோஷர் என்ற வீடியோ கேம் காட்டிவிட்டது. கேம் உருவாக்கும் மென்பொருளான, இலவசமாகக் கிடைக்கும் கோடோ 4-ல் இதே விதியில் ஒரு லெவல் கட்டலாம். களம், திருவல்லிக்கேணியின் பழைய ஒண்டுக்குடித்தன வீடு: நீண்ட ரேழி, நடுவில் முற்றம், கரண்ட் போன ராத்திரி, கையில் அரிக்கேன் விளக்கு. பக்கவாட்டில் நகரும் விளையாட்டுக்கு அந்த அமைப்பு கச்சிதம்.

முதலில் இருட்டு. காட்சி முழுவதன் நிறத்தையும் மங்கலாக்கும் கேன்வாஸ்மாடுலேட் நோடைச் (கோடோவில் காட்சியைக் கட்டும் உறுப்புகளுக்கு நோடு என்று பெயர்) சேர்த்து, நிறத்தைச் சிவப்பு 0.10, பச்சை 0.10, நீலம் 0.16 என வையுங்கள். முழுக் கறுப்பு வேண்டாம்; காரணம் கடைசியில்.

அடுத்து விளக்கு. ஒளி தரும் பாயிண்ட்லைட்2டி நோடுக்கு டெக்ஸ்சர் (வெளிச்சத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கும் படம்) கொடுக்காவிட்டால் எதுவுமே ஒளிராது. நிறம் படிப்படியாக மாறும் கிரேடியன்ட்டெக்ஸ்சர்2டி ஒன்றை 512×512 பிக்சல் அளவில் போட்டு, ஃபில்லை ரேடியல் (நடுவிலிருந்து வட்டமாகப் பரவுவது) ஆக்குங்கள். தொடக்கம் (0.5, 0.5), முடிவு (1, 0.5). முடிவை (1, 0) என்றே விட்டால் வட்டம் டெக்ஸ்சருக்கு வெளியே வழிந்து, வெளிச்சம் சதுரமாக வெட்டுப்படும். கிரேடியன்ட் இயல்பாகக் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும், அதைத் திருப்புங்கள். 0.75 வரை வெள்ளை, 0.85-ல் கறுப்பு. ஓரம் இப்படிக் கூர்மையாக இருந்தால்தான் எல்லை எங்கே என்று ஆடுபவருக்குப் புரியும்.

விளக்கின் ஷேடோவை இயக்கி, சுவர்களுக்கு ஒளியை மறித்து நிழல் விழவைக்கும் லைட்ஆக்லூடர்2டி போடுங்கள். சுவரே கறுத்துப்போனால் ஆக்லூடரின் கல் மோடை (cull mode) மாற்றிப் பாருங்கள். விளக்கைத் தூக்கும் ஆளுக்கு ஆக்லூடர் கூடாது, அவர் நிழலே அறையை விழுங்கிவிடும்.

பலரும் சறுக்குவது இதற்கு அப்புறம்தான். திரையில் தெரியும் வெளிச்சம் ஜிபியூ என்ற கிராஃபிக்ஸ் சிப் வரையும் படம்; நீங்கள் எழுதும் ஸ்கிரிப்ட்டுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெட்டி வெளிச்சத்தில் இருக்கிறதா என்பதை நீங்களே தனியாகக் கணக்கிட வேண்டும். பெட்டியின் நடுவில் ஒரு புள்ளி, நான்கு மூலைகளில் நான்கு; மூலைப் புள்ளிகளை 4 பிக்சல் உள்ளே தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் விளக்கிலிருந்து புள்ளிக்கு நாம் விடும் ரே (கண்ணுக்குத் தெரியாத சோதனைக் கோடு) ஒட்டியிருக்கும் சுவரில் மோதும். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு கேள்வி: விளக்கிலிருந்து 205 பிக்சலுக்குள் இருக்கிறதா? நடுவில் சுவர் மறிக்கிறதா? 205 என்பது டெக்ஸ்சரின் பாதியான 256 பிக்சல் ஆரத்தில் சுமார் 80 சதவீதம், அதாவது கண் எல்லை என்று நினைக்கும் இடம். வெளிச்ச வட்டத்தைப் பெரிதாக்கும் டெக்ஸ்சர் ஸ்கேலை மாற்றினால் இதையும் அதே விகிதத்தில் பெருக்குங்கள். இரண்டாம் கேள்விக்கு, ரே எதிலாவது மோதுகிறதா என்று சொல்லும் இன்டர்செக்ட் ரே என்ற ஃபங்ஷன். அது வெற்று டிக்‌ஷனரியைத் (தகவல் இல்லாத பட்டியல்) திருப்பித் தந்தால் பாதை தெளிவு. சுவர்களைத் தனி கொலிஷன் லேயரில் (மோதலுக்கான அடுக்கு) வைத்து, ரே எந்த அடுக்கைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் மாஸ்க்கில் அதை மட்டும் கொடுங்கள். ஆக்லூடரும் கொலிஷன் வடிவமும் ஒரே பாலிகனாக இருக்கட்டும். 5 பிக்சல் வித்தியாசம் இருந்தாலும் ஆடுபவர் விளையாட்டு ஏமாற்றுகிறது என்றுதான் சொல்வார், அதில் நியாயமும் உண்டு.

ஐந்தில் மூன்று புள்ளி ஒளியில் வந்தால் பெட்டி திடம். ஒன்றுக்கு இறங்கினால்தான் மறைய வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண் வைத்தால் விளக்கு லேசாக ஆடினாலே பெட்டி தோன்றித் தோன்றி மறையும், மேலே நிற்பவர் விழுவார். பெட்டியின் மோதல் வடிவமான கொலிஷன்ஷேப்பின் டிசேபிள்டை நேரடியாக மாற்றாமல், மாற்றத்தைச் சற்றுத் தள்ளிச் செய்யும் செட் டிஃபர்டு வழியாக மாற்றுங்கள்.

ஆள் பெட்டிக்குள் நிற்கும்போது வெளிச்சம் திரும்பினால் சிக்கிக்கொள்வார். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கும் ஏரியா2டி ஒன்றை அதே அளவில் வைத்து, அவர் வெளியே வரும்வரை பெட்டியைத் திடமாக்காதீர்கள். விளக்கு எட்டாத குழியில் விழுவதும் நடக்கும். அதற்கு ஒரு ரீசெட் பட்டன் போதும்.

அறைகளின் வரிசையில் அவசரம் வேண்டாம். முதல் அறையில் விளக்கோடு போய் பெட்டிமேல் ஏறுவது. இரண்டாவதில் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, இருட்டில் மறைந்த பெட்டிக்குள் புகுவது. இந்த இரண்டும் கைவராதவரிடம் மூன்றாவது அறையைக் காட்டாதீர்கள்.

கடைசியாகப் போன் சோதனை. ஏசி அறையில் அழகாகத் தெரியும் இருட்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு மாநகரப் பேருந்தின் ஜன்னலோரத்தில் வெறும் கறுப்புக் கண்ணாடி. ரிச்சி தெருவில் கிடைக்கும் விலை குறைந்த பழைய போன் ஒன்றில், ரெண்டரரை (படம் வரையும் முறையை) பழைய கருவிகளுக்கான கம்பேட்டிபிலிட்டிக்கு மாற்றி, வெயிலில் ஓட்டிப் பாருங்கள். சுவர் விளிம்பு தெரியாவிட்டால் கேன்வாஸ்மாடுலேட்டின் மூன்று எண்களையும் 0.03 உயர்த்துங்கள், தெரியும்வரை இப்படியே ஏற்றலாம். அமைப்புகளில் ஒரு பிரைட்னஸ் ஸ்லைடரும் இருக்கட்டும்.